விளையாட்டுப் பண்ணையில் மாட்டுக்கு வயது போகும்போது

பண்ணை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பயிரைப் பற்றியே பேசுகிறார்கள். எந்தப் பருவத்தில் எதை நட்டால் எவ்வளவு வரும் என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கு என்ன வயது, இன்னும் எவ்வளவு காலம் அது பால் தரும், அது போன பின் அந்த இடத்துக்கு எது வரும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. கால்நடைக்கு வயதேறுகிற விளையாட்டு எதுவாக இருந்தாலும், பட்டியில் உள்ள எல்லா விலங்குகளின் வயதுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தெரிந்தால்தான் பண்ணை தொடர்ந்து நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலில், எல்லா விளையாட்டும் முதுமையை ஒரே மாதிரி நடத்துவதில்லை. 2016 இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலியில் விலங்குகள் முதுமையால் இறப்பதே இல்லை. ஒரு பசுவைத் தொட்டு அதன் விவரத்தைத் திறந்தால் வயது மாதக் கணக்கில் காட்டப்படும். அந்த எண் ஏறிக்கொண்டே போகும். ஆனால் பாலும் குறையாது, நடையும் தளராது. இரவில் கொட்டில் கதவை அடைத்த பின் வெளியே அகப்பட்டுக்கொண்ட விலங்கு காட்டு விலங்கொன்றுக்கு இரையாகக்கூடும் என்பதைத் தவிர, அங்கே சாவு என்ற ஒன்று கொட்டிலுக்குள் நுழைவதில்லை.

அதனால் ஸ்டார்டியூவில் வயதை நிர்வகிப்பது என்றால் குழந்தைப் பருவத்தை நிர்வகிப்பதுதான். கோழிக்குஞ்சு 3 நாளில் வளர்ந்துவிடும். செம்மறிக்கு 4 நாள். பசுவுக்கும் வெள்ளாட்டுக்கும் 5 நாள். பன்றிக்கு 10 நாள். இந்தக் கடைசி எண்ணைக் கவனியாமல் பணத்தை இழப்பவர்கள் பலர். பன்றியின் விலை விளையாட்டுப் பணத்தில் 16,000. பருவம் ஒன்றுக்கு 28 நாள். பன்றி வெளியே போய் நிலத்தைக் கிண்டி ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானை எடுப்பதால்தான் அதனால் வருமானம். குளிர்காலத்தில் அது கொட்டிலை விட்டு வெளியே போகாது. ஆகவே இலையுதிர் பருவத்தின் 18 ஆம் நாளுக்குப் பின் வாங்கப்படும் பன்றி, வளர்ந்து முடிகிற நேரத்தில் குளிர்காலத்துக்குள் நுழைந்து, அந்த 28 நாளும் எதுவும் தராமல் தீனி தின்றுகொண்டிருக்கும். புல்லும் இல்லாத காலம் அது. வைக்கோலைக் கடையில் ஒரு நாளுக்கு 50 கொடுத்து வாங்கினால் ஒரு பன்றிக்கே 1,400 போய்விடும். அதே பன்றியை வசந்தத்தின் முதல் வாரத்தில் வாங்கினால் மூன்று பருவங்களும் கையில் இருக்கும்.

அந்த விளையாட்டின் கருணையை நான் மதிக்கிறேன். பெயர் வைத்து வளர்த்ததை இழக்க வேண்டியதில்லை என்பது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற பெரியவர்களுக்கும் ஆறுதலானது. ஆனால் சாவு இல்லாத பட்டியில் வாரிசும் இல்லை. ஆகப் பெரிய கொட்டில் 12 விலங்குகளால் நிரம்பியபின் அங்கே புதிய கன்று பிறப்பதற்கு இடமே இல்லை; அதே பன்னிரண்டும் என்றைக்கும் அப்படியே நிற்கும். நான் ஒரு கட்டத்துக்குமேல் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உணர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு நேர்மாறான ஒரு பார்வையை எங்கள் வீட்டில் முதலில் உணர்த்தியவர் அம்மா. கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கோழி ஒன்று வளர்க்கவும் இடமில்லை. அக்காவின் மகளுக்கு மாடு என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகும்போது பார்க்கிற ஒன்று. பால் என்றால் பால்மாப் பெட்டி. 2021 இல் பால்மாவுக்காகக் கடை வாசலில் வரிசையில் நின்றதுதான் பாலைப் பற்றிய அவளுடைய பெரிய நினைவு. அம்மாவோ யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மாடு கட்டி வளர்த்தவர். மருமகள் ஸ்டோரி ஒஃப் சீசன்ஸ்: எ வொண்டர்ஃபுல் லைஃப் என்ற பண்ணை விளையாட்டை விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பசு பால் தருவதை நிறுத்திவிட்டது என்று அவள் முறையிட, அம்மா சற்றும் ஆச்சரியப்படாமல் கேட்டார்: "வத்தாமல் என்ன செய்யும், பிள்ளை? கன்று போட்டு எவ்வளவு காலம்? உது எத்தினையாம் ஈத்து?"

"அம்மம்மா, உதெல்லாம் இதில காட்டாது" என்றாள் அவள்.

"காட்டாட்டி நீ எழுதி வை."

அந்த விளையாட்டு 2003 இல் கேம்கியூபில் வந்து, 2023 இல் புதுப்பிக்கப்பட்டது. அதில் பருவத்துக்கு 10 நாள், ஆண்டுக்கு 40 நாள். பசு கன்று ஈன்றால்தான் பால். ஒரு காலத்தின் பின் பால் வற்றும். மறுபடி சினைப்பட்டுக் கன்று போட வேண்டும். விளையாடுகிறவரின் பாத்திரமும் மணமுடித்து, பிள்ளை பெற்று, பிள்ளை வளர்ந்து, தானும் முதிர்ந்து போகும். ஸ்டார்டியூவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பால் வற்றுதல் ஏதோ தண்டனை போலத் தெரிகிறது. மாடு வளர்த்தவர்களுக்கு அது இயல்பு.

உண்மை மாட்டின் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்த விளையாட்டுகளின் கணக்கும் தெளிவாகும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று போட்டபின் ஏறக்குறைய 305 நாள் கறவை. அடுத்த கன்றுக்கு முன்னர் 60 நாளளவு வற்றவிட்டு ஓய்வு கொடுப்பார்கள். நாகு, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசு, முதல் கன்று போடுவதற்கு இரண்டு முதல் மூன்று வயதாகும். நல்ல கறவை முதல் ஈத்தில், அதாவது முதல் கன்றோடு, வருவதில்லை. மூன்றாம், நான்காம் ஈத்துக்களில்தான் மடி நிறையும். பின்னர் மெல்ல இறங்கும். பிறந்த தேதி எழுதி வைக்காத காலத்தில் நம் பெரியவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையே வயதாகக் கொண்டார்கள். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பார்ப்பார்கள். ஏறத்தாழ இரண்டு வயதில் நடு இரண்டு பாற்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். அதன்பின் சோடி சோடியாக மாறி, நாலைந்து வயதில் எட்டும் நிரம்பும். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். பசுவென்றால் கொம்பின் அடியில் உள்ள வளையங்களையும் எண்ணுவார்கள். அம்மா இதையெல்லாம் மேசைமேல் தன் விரல்களைப் பல்போல வரிசையாக நிறுத்திக் காட்டி மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது முதுமை உண்மையாகவே நடைபெறுகிற இன்னொரு விளையாட்டுக்கு வருகிறேன். போலந்தின் ரெண்டர் கியூப் நிறுவனம் உருவாக்கிய மெடீவல் டைனஸ்டி 2021 செப்டெம்பரில் முழுமையாக வெளிவந்தது. அதில் நாம் முதிர்வோம், இறப்போம், வாரிசு தொடர்வார். மாடு, பன்றி, ஆடு, கோழி எல்லாம் பிறந்து, வளர்ந்து, வயது போய் இறக்கும். முன்னமைப்பில் பருவத்துக்கு 3 நாள், ஆகவே ஆண்டுக்கு 12 நாள். ஒரு ஆண்டு அவ்வளவு விரைவாக ஓடுகிற இடத்தில் விலங்கின் வயதும் அதே வேகத்தில் ஏறும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் உடனே உணர்வதில்லை.

உண்மை விகிதத்தை அப்படியே கொண்டுபோனால், 12 நாள் ஆண்டில் பசுவின் சினைக்காலம் 9 நாள் வரும். பிறந்த கன்று இரண்டரை வயதுக்கு வளர 30 நாள். ஆக, வாரிசு வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து அது கறவைக்கு வர 39 நாள். பிறக்கிற கன்றில் பாதி நாம்பனாக, அதாவது ஆண் கன்றாக, இருக்கும் என்பதால் ஒரு நாகு கிடைக்க இரண்டு ஈத்துக்களை எதிர்பார்க்க வேண்டும். விளையாட்டுகள் இந்தக் காலத்தைச் சுருக்கித் தருகின்றன. சுருக்காவிட்டால் யாரும் பொறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு சுருக்கினாலும், வாரிசைத் தேட வேண்டிய நேரம் கிழட்டு மாடு இறக்கிற நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்துவிடுகிறது என்ற உண்மை மாறுவதில்லை.

மெடீவல் டைனஸ்டியில் மருமகளுடைய பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விளையாட்டை ஆடுகிற அனேகரின் பண்ணையிலும் இதுவே நடக்கிறது. கையில் பணம் சேர்ந்ததும் அவள் கொட்டிலை ஒரே முறையில் வளர்ந்த பசுக்களால் நிரப்பினாள். பல ஆண்டுகள் பால் தாராளமாக வந்தது, விற்றாள், களஞ்சியம் நிறைந்தது. எல்லாம் ஒரே வயதுக்காரர் என்பதால், அடுத்தடுத்த பருவங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அந்த நேரத்தில் கொட்டிலில் நின்றவை பால் தராத இளங்கன்றுகள் மட்டும். செழிப்பான காலத்தில் இடமில்லை என்று நாகுகளை விற்றிருந்தாள். ஒரு தலைமுறை முழுவதும் ஒரே நேரத்தில் போய், அடுத்த தலைமுறை இன்னும் தயாராகாத இடைவெளி அது. தீனி குறையவில்லை, நோயும் வரவில்லை. வயதுகள் அடுக்கடுக்காக இல்லாததுதான் காரணம்.

இதற்கு மருந்து வாங்குகிற நாளிலேயே இருக்கிறது. ஒரே நாளில் கொட்டிலை நிரப்பக் கூடாது. இரண்டு பசுவை வாங்கிவிட்டு ஓரிரு ஆண்டு கழித்து இன்னும் இரண்டு. அதன்பின் கன்றுகளிலிருந்தே பட்டி வளர வேண்டும். எந்த நேரத்தில் பார்த்தாலும் கொட்டிலில் ஒரு கன்று, ஒரு நாகு, நடு வயதில் இரண்டு மூன்று, முதியது ஒன்று என்று நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஒரு மாடு இறக்கும்போது மனம் வருந்தும், பண்ணை தடுமாறாது. விளையாட்டின் நிர்வாகப் பட்டியலில் ஒவ்வொரு விலங்கின் வயதும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைத் தீனி இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கிறார்கள். வயதுப் பத்தியைப் பார்ப்பதற்காகவே ஆண்டுக்கு ஒருமுறை திறக்க வேண்டும் என்பேன்.

காளையின் வயதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பசு போனால் பால் குறைவது அன்றே தெரியும். காளை போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பால் வந்துகொண்டிருக்கும், கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கும், எல்லாம் நலமாகவே தோன்றும். புதிய சினை மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். அதன் விளைவு பல பருவங்கள் கழித்து, நாகுகள் இல்லாத கொட்டிலாகக் கண்முன் வரும். கொட்டிலுக்கு ஒரு காளை போதும் என்பது சரியான அறிவுரைதான். ஆனால் அந்த ஒன்று நடு வயதைத் தாண்டியதும் பக்கத்தில் ஒரு நாம்பன் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். மருமகள் பிறந்த நாம்பன்கள் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்ததைக் கண்ட அம்மா, "காளைக்கும் வயசு போகுமெல்லே" என்று ஒரே வரியில் சொன்னார்.

கோழிகளுக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. உண்மையிலும் முட்டை 21 நாளில் குஞ்சாகி, ஐந்து மாதமளவில் முட்டையிடத் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டுக்குப் பின் முட்டை குறைகிறது. இழப்பும் விரைவு, ஈடும் விரைவு. த சிம்ஸ் 4 விளையாட்டின் கொட்டேஜ் லிவிங் விரிவாக்கத் தொகுப்பு 2021 ஜூலையில் வந்தபோது, குஞ்சு வளர்ந்து பேடாகவோ சேவலாகவோ ஆவதையும், நரி கூட்டுக்கு வருவதையும் பார்த்து நானும் மருமகளும் மிகவும் மகிழ்ந்தோம். அங்கே கோழிக்கூட்டை வருடாவருடம் கொஞ்சம் புதுப்பித்தால் போதும். குதிரை வளர்ப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்: 2023 இல் வந்த ஹோர்ஸ் ரான்ச் தொகுப்பில் குதிரைக்குக் குட்டி, வளர்ந்தது, முதியது என மூன்று பருவங்கள் உண்டு, முதிய குதிரையைக் கண்டதும் குட்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது தாமதமாகிவிடும்.

கடினமான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. பால் குறைந்த கிழட்டுப் பசுவை என்ன செய்வது? இலாபக் கணக்குப் பார்ப்பவர்கள் இறப்பதற்கு முன் விற்றுவிடு அல்லது அறுத்துவிடு என்கிறார்கள், விளையாட்டும் அதற்கு இடம் தருகிறது. எங்கள் வீட்டில் அம்மா வளர்த்த எந்தப் பசுவும் வயது போனதற்காகக் கை மாறியதில்லை. கொட்டிலிலேயே இருந்து இறந்து, வளவிலேயே புதைக்கப்பட்டன. விளையாட்டிலும் நான் அப்படியே செய்கிறேன். இதைப் பற்றி மருமகளுக்கும் எனக்கும் நீண்ட வாதம் நடந்தது.

"மாமா, பால் தராத மாட்டுக்கு நெடுகத் தீனி போட்டுக்கொண்டிருந்தால் நட்டம்தானே?"

நான் அவளோடு இருந்து கணக்குப் பார்த்தேன். வைக்கோலும் தானியமும் கலந்த தீனி நம் களஞ்சியத்தில் எப்போதும் எஞ்சிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மாட்டின் பங்கு அதில் தெரியவே இல்லை. உண்மையான செலவு கொட்டிலில் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடம். அந்த ஒரு இடத்தில் ஒரு நாகு வளர முடியாமல் போவதுதான் இழப்பு. ஆகவே கேள்வி தீனியைப் பற்றியதாக இல்லாமல் மரத்தைப் பற்றியதாக மாறியது: இன்னொரு கொட்டில் கட்ட எவ்வளவு மரம் வேண்டும்? ஒரு பருவத்தில் வெட்டிச் சேர்த்துவிட்டாள். பழைய சிறு கொட்டில் இப்போது முதிய மாடுகளுக்கு. புதியது கறவைக்கும் கன்றுகளுக்கும். முதியவற்றைப் பேணுவது பண்ணையின் வளர்ச்சிக்கு எதிரானது என்ற எண்ணம் இடம் குறைந்த பண்ணையில் மட்டுமே உண்மை என்பதை அந்த ஏற்பாடு எங்களுக்குக் காட்டியது.

விளையாட்டை உருவாக்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதுமையை ஒரு விசை போலத் தட்டாதீர்கள். நேற்று வரை முழுப் பால் தந்த பசு இன்று காலை இறந்துவிட்டது என்ற ஒற்றை அறிவிப்பு, அந்தப் பசுவுக்கும் நியாயம் செய்வதில்லை, வளர்த்தவருக்கும் நியாயம் செய்வதில்லை. ஈத்துக்கு ஈத்து பால் ஏறி, பின்னர் இறங்கட்டும். நடை கொஞ்சம் மெதுவாகட்டும். மேய்ச்சலில் கடைசியாகத் திரும்பி வரட்டும். அப்படிக் காட்டினால் வயதுப் பத்தியைத் திறக்காதவருக்கும் கொட்டிலைப் பார்த்தே புரியும், திட்டமிடவும் காலம் கிடைக்கும்.

அதுவரை நாமே எழுதி வைக்க வேண்டியதுதான். மெடீவல் டைனஸ்டியில் பருவத்தின் நீளத்தைக் கூட்டி வைக்கவும் முடியும். 3 நாளைப் பத்தாக்கினால் ஒவ்வொரு விலங்கோடும் நாம் கழிக்கிற நாட்கள் கூடும், அவசரம் குறையும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, அதிலும் பிள்ளைகளோடு விளையாடுகிறவர்களுக்கு, நான் அதையே பரிந்துரைப்பேன்.

மருமகள் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பியில் மாட்டின் பெயர், பிறந்த ஆண்டு, தாயின் பெயர், எத்தனையாம் ஈத்து என்று கோடு போட்டு எழுதுகிறாள். அம்மா சொன்னபடி காளைக்குத் தனிப் பக்கம். அந்தப் பக்கத்தின்படி எங்கள் காளை நடு வயதைத் தாண்டிவிட்டது. கொட்டிலில் இரண்டு நாம்பன்கள் இருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்க வேண்டும். மூத்ததை வைத்தால் காளைக்கு வயது போகும் முன்னரே அது தயாராகிவிடும். இளையதை வைத்தால் அதன் காலம் இன்னும் நீளும், ஆனால் இடையில் ஓராண்டு சினையில்லாமல் போகக்கூடும். இப்போது இரண்டு பசுக்கள் கன்றுத்தாச்சியாக இருப்பதால் அந்த ஓராண்டைத் தாங்கலாம் என்பது அவளுடைய கணக்கு. நான் மூத்ததையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.